கைப்பேசி பிறக்கும் முன்பே மகிழுந்தில் ஏறிய தொலைபேசி



இவ்வாண்டுப் பெற்றோர் சந்திப்பின்போது ஒரு தந்தையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மகனின் கணிதப் புள்ளியில் தொடங்கிய பேச்சு, பள்ளி வாயிலில் வண்டிகள் நிற்கும் ஒழுங்கின்மைக்குப் போய், அங்கிருந்து கைப்பேசியில் வந்து நின்றது. "கையில் பிடித்துப் பேசினால்தானே சார் சம்மன்? நான் இயர்போன் மாட்டிக்கொண்டுதான் பேசுகிறேன். அதில் தவறில்லையே?" என்றார்.

தவறுதான் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். அடுத்த பெற்றோர் வெளியே காத்திருந்தார். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் விடயமன்று அது. அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியப் பெருமக்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தொலைபேசி என்பது முதலில் வீட்டில் இருந்தது, பிறகு கைக்கு வந்தது, கடைசியில்தான் வாகனத்துக்குள் நுழைந்தது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வரலாறு அப்படியன்று. கைக்கு வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொலைபேசி மகிழுந்தில் ஏறிவிட்டது. 1946ஆம் ஆண்டு சூன் மாதம் 17ஆம் நாள், அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஓடும் மகிழுந்திலிருந்து பேசும் சேவையை பெல் நிறுவனம் தொடக்கியது. அக்கருவியின் எடை ஏறக்குறைய 36 கிலோ. நம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் எடை! அதனை எவராலும் கையில் ஏந்தி நடக்க முடியாது. அதனைச் சுமக்க மகிழுந்துதான் வேண்டும். அதற்கு மின்சாரம் கொடுக்கவும் மகிழுந்தின் மின்கலந்தான் வேண்டும். 1956இல் சுவீடன் நாட்டில் வந்த கருவியும் ஏறத்தாழ நாற்பது கிலோ எடை கொண்டதே. இங்கிலாந்தில் 1959இல் தெற்கு லங்காஷயர் பகுதியில் இதே போன்ற சேவை தொடங்கிற்று. இந்த 1959 என்னும் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நம் நாட்டுக்கு வரும்போது மீண்டும் அதனைச் சந்திப்போம்.

இடையில் ஒரு சுவையான செய்தி. சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தைத் தொடங்கிய லார்ஸ் மாக்னஸ் எரிக்சன், ஓய்வு பெற்ற பின்னர்த் தம் மனைவி ஹில்டாவுடன் நாட்டுப்புறங்களில் மகிழுந்தில் சுற்றியதாகவும், பேச வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தி, நீண்ட கழிகளின் நுனியில் கம்பியை மாட்டி, சாலையோரத் தொலைபேசிக் கம்பியில் கோத்துப் பேசியதாகவும் கூறுவர். 1910ஆம் ஆண்டையொட்டிய கதை இது. கழியை மாட்ட வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தித்தானே ஆக வேண்டும்! வாகனத்திலிருந்து பேசியோருள் மிகப் பாதுகாப்பாகப் பேசியவர்கள் இவ்விருவரும்தாம் போலும்.

கையில் ஏந்தும் தொலைபேசி 1973 ஏப்ரல் 3ஆம் நாள் நியூயார்க் நகரத் தெருவில்தான் முதலில் ஒலித்தது. அதனைக் கையில் பிடித்து நின்றவர் மோட்டோரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர். கருவியின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மோட்டோரோலா என்னும் பெயரே மோட்டார் வண்டியிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1930இல் மகிழுந்துக்குள் பொருத்தும் வானொலிக்கு வைத்த வணிகப் பெயர் அது. பின்னர் நிறுவனத்தின் பெயராகவே நிலைத்தது. இதே கூப்பர், கைப்பேசியை உருவாக்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1960களின் தொடக்கத்தில், வண்டியோட்டும்போது பேசுவதன் இடரைப் பற்றி மிச்சிகன் மாநில ஆணையம் ஒன்றின்முன் சாட்சியம் அளித்தவர். வண்டி ஓடும்போது எண்களைச் சுழற்ற இயலாதவாறு பூட்டு ஒன்று இருக்க வேண்டும் என்பது அன்று அவர் கூறிய கருத்து. அத்தகைய பூட்டுடன் எந்தக் கருவியும் விற்பனைக்கு வந்து பரவவில்லை. பேசுவதற்குப் பணம் கட்டுகிறவர்கள் வண்டிக்குள் இருப்பவர்களாயிற்றே! அவர்களைப் பேசாதீர்கள் என்று சொல்லி எந்த வணிகம் நடக்கும்?

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

மலேசியாவில் நடமாடும் தொலைபேசிச் சேவை 1985இல் அறிமுகமாயிற்று. ஆத்தூர் 450 என்பது அதன் பெயர். தமிழ்நாட்டு ஊர்ப்பெயர் போல் ஒலித்தாலும், வானொலி அலைவழித் தானியங்கித் தொலைபேசி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை அது. அச்சேவையைத் தொலைத்தொடர்பு இலாகா நடத்தியது. 1989இல் செல்கோம் நிறுவனத்தின் சேவை வந்தது. 1995இல் 012, 016 என்று புதிய நிறுவனங்களின் எண்கள் வந்தன. அகவை நாற்பதைக் கடந்த பெற்றோருக்கு இந்த எண்களைச் சொன்னாலே அந்தக் காலம் கண்முன் வரும்.

அந்த முதற்காலத்தில் தங்காக் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்குத் தொலைபேசி என்றாலே அலுவலகத்தில் கிராணியின் மேசைமேல் இருக்கும் கறுப்புக் கருவிதான். ஒரு நாள் லேடாங் மலையடிவாரச் செம்மண் சாலையில் பெரிய மகிழுந்து ஒன்று வந்து நின்றது. அதன் பின்புறத்தில் சுருள் வைத்த அலைவாங்கிக் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர் ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் தொலைபேசியையும் பிடித்திருந்தார். நாங்கள் பால்வாளி தூக்கும் அம்மாக்களை மறந்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அச்சம் என்னும் எண்ணமே எவருக்கும் எழவில்லை. எழுந்ததெல்லாம் வியப்புதான். மகிழுந்தில் பேசிக்கொண்டே போவதுதான் பெரிய மனிதரின் அடையாளம் என்று அன்றே எங்கள் நெஞ்சில் பதிந்துவிட்டது. தொலைபேசி இல்லாதவர்கள்கூட அந்தக் கம்பியை மட்டும் வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள் என்று எங்கள் மாமா ஒருவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

1994 செப்டம்பரில் வடக்கு – தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. தங்காக்கில் அதற்கொரு வாயில் அமைந்தது. மூவாரிலிருந்து சிகாமட்டுக்குப் போகும் பழைய சாலையில் வளைந்து வளைந்து மெதுவாகச் சென்ற நம் ஊரார், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகக் கண்டனர். துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற தங்காக்கிற்குப் பெருநாள் காலங்களில் வெளியூர் வண்டிகள் குவியலாயின. அடுத்த சில ஆண்டுகளிலேயே முன்கட்டண அட்டைகள் வந்து, கைப்பேசி எல்லார் சட்டைப்பைக்கும் எட்டிற்று. வேகமான சாலையும் மலிவான பேச்சும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நம் கைக்கு வந்தன. இதுவே நம் தலைமுறையின் கதை.

சட்டம் என்ன செய்தது? நம் நாட்டில் சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் உடலைக் காப்பதில் தொடங்கின. மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் சட்டம் 1973இல் வந்தது. மகிழுந்தின் முன்னிருக்கையில் அமர்வோர் இருக்கைப்பட்டை அணிய வேண்டும் என்பது 1979இல் வந்தது. பின்னிருக்கைக்கு அது வர 2009 ஆயிற்று. முப்பது ஆண்டு இடைவெளி! கைப்பேசிக்கான தடையோ சாலைப் போக்குவரத்து விதிகளில் இடம்பெற்றது. அவ்விதிகள் 1959இல் இயற்றப்பட்டவை. முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன அதே ஆண்டு. இங்கிலாந்தில் மகிழுந்துத் தொலைபேசி தொடங்கிய ஆண்டில் இங்கே விதி எழுதியவர்கள், அப்படியொரு கருவி இந்தச் சாலைகளுக்கும் வரும் என்று எண்ணியிருக்க வழியில்லை. எனவே சிவப்பு விளக்கை மீறுவதைப் பற்றிய 17ஆம் விதிக்குப் பக்கத்தில், 17ஏ என்னும் எண்ணோடு கைப்பேசி விதி பின்னர்ச் செருகப்பட்டது. பழைய வீட்டின் சுவரை இடித்துப் புதிய சன்னல் வைத்தது போன்ற வேலை அது.

அந்த விதியின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கையில்! கையில் பிடித்திருந்தால் குற்றம். தண்டமாக 300 ரிங்கிட் வரை கட்ட வேண்டும். நம் நாட்டை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இங்கிலாந்து 2003 டிசம்பர் முதல் நாள் விதித்த தடையும் கையில் பிடிப்பதற்கான தடையே. சிங்கப்பூர் 2015 பிப்ரவரியில் தன் சட்டத்தை விரித்து எல்லா வகைக் கையடக்கக் கருவிகளையும் சேர்த்தது. அங்கும் பேச்சு கையைப் பற்றியதே. இந்தியா 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோதும் கையில் பிடிக்கும் கருவி என்றே எழுதியது. ஏன் இப்படி? காவலரின் கண்ணுக்குக் கை தெரியும். தலைக்கவசம் தெரியும், இருக்கைப்பட்டை தெரியும். மனம் எங்கே போயிருக்கிறது என்பது எந்தக் காவலருக்கும் தெரியாது. சட்டம் காணக்கூடியதைத்தான் பிடிக்க முடியும். நம் மக்களோ, சட்டம் பிடிக்காதது தவறே இல்லை என்று முடிவு கட்டிவிட்டனர். அந்தத் தந்தையாரின் கேள்வி பிறந்த இடம் இதுதான்.

சிக்கல் கையில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்பது புதிய கண்டுபிடிப்பா? இல்லவே இல்லை. கூப்பர் தெருவில் நின்று பேசுவதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே, 1969இல், இங்கிலாந்தின் ஐவன் பிரவுன் என்னும் உளவியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதனைச் சோதித்து வெளியிட்டுவிட்டனர். 24 ஓட்டுநர்களை ஒரு தனித்திடலில் வண்டியோட்ட வைத்தனர். வழியில் இடைவெளிகள் சில வண்டியைவிட அகலமானவை, சில குறுகலானவை. இந்த இடைவெளியில் நம் வண்டி நுழையுமா, நுழையாதா என்பதை ஓட்டுநரே முடிவு செய்ய வேண்டும். அதே வேளையில் தொலைபேசி வழியாக ஒரு குரல் சிறு வாக்கியங்களைச் சொல்லும். அது சரியா, தவறா என்று அவர் விடை கூற வேண்டும். கையால் கருவியைப் பிடிக்கும் வேலை அவர்களுக்கு இல்லை. விளைவு என்ன? வண்டியைச் செலுத்தும் கைத்திறனில் பெரிய குறை இல்லை. முடிவெடுக்கும் திறன்தான் கெட்டது. நுழைய முடியாத இடைவெளியில் நுழையலாம் என்று கணித்தனர். கை தன் வேலையைச் செம்மையாகச் செய்துகொண்டிருந்தது; கண்ணுக்கும் அறிவுக்கும் இடையில்தான் ஏதோ அறுந்து போயிற்று. அந்தக் கட்டுரை வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது!

1997இல் கனடா நாட்டு ஆய்வாளர்களான ரெடல்மேயர், டிப்ஷிரானி இருவரும் இன்னொரு வழியில் இதனை அணுகினர். டொரோண்டோ வட்டாரத்தில் விபத்துக்குள்ளான, கைப்பேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்குகளை எடுத்து, விபத்து நேரத்தோடு ஒப்பிட்டனர். மொத்தம் 26,798 அழைப்புகள். பேசும் நேரத்தில் விபத்து நேரும் வாய்ப்பு, பேசாத நேரத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டனர். கையில் பிடிக்காமல் பேசியோருக்கு இதில் எந்த நன்மையும் தென்படவில்லை. நேர்மையான ஆய்வாளர்கள் அவர்கள். கைப்பேசியின் நல்ல பக்கத்தையும் எழுதினர். அவ்வோட்டுநர்களுள் நூற்றுக்கு 39 பேர் விபத்துக்குப் பின் அதே கைப்பேசியால்தான் அவசர உதவியை அழைத்தார்களாம்.

"அப்படியென்றால் வானொலி கேட்பதும் தவறா? பக்கத்தில் அமர்ந்த மனைவியிடம் பேசுவதும் தவறா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. 1930களில் மகிழுந்து வானொலி வந்தபோது அமெரிக்காவில் அதனையும் தடை செய்ய வேண்டும் என்று குரல் எழுந்தது. ஆனால் வானொலி நம்மிடம் விடை கேட்பதில்லை. இருவழிச் சந்திப்பில் நாம் கவனத்தை அங்கே திருப்பினால், அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும், கோபித்துக்கொள்ளாது. பக்கத்தில் இருப்பவரோ சாலையைத் தாமும் பார்க்கிறார். சுமையுந்து ஒன்று குறுக்கே திரும்பினால் பேச்சை நிறுத்திவிடுவார், சில வேளை "பார்த்து!" என்று கத்தவும் செய்வார். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இதனை ஆராய்ந்தவர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரை இதையே காட்டியது: பயணியுடன் நடக்கும் பேச்சு சாலையின் நெருக்கடிக்கேற்பக் குறைந்து கூடுகிறது, கைப்பேசிப் பேச்சு அவ்வாறு வளைந்து கொடுப்பதில்லை. மறுமுனையில் இருப்பவருக்குச் சாலை தெரியாது அல்லவா?

குறுஞ்செய்தியும் புலனமும் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். அங்கே மனத்தோடு கண்ணும் போய்விடுகிறது. 2009இல் வர்ஜீனியாவில் சுமையுந்து ஓட்டுநர்களைப் படம்பிடித்து ஆராய்ந்ததில், செய்தி தட்டுபவரின் கண்கள் ஆறு நொடிகளில் சராசரியாக 4.6 நொடிகள் சாலையை விட்டு அகன்றிருந்தன. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது 115 மீட்டர். நான்காம் ஆண்டு மாணவர்களிடம் இதனைக் கணக்காகக் கொடுத்தேன். விடை கண்டதும் ஒரு மாணவி, "சார், நம்ம திடலை விட நீளம்!" என்றாள்.

இனி ஆசிரியர்களின் பங்குக்கு வருகிறேன்.

மகிழுந்துத் தொலைபேசியின் காலத்தில், அழைப்பவருக்கு ஒன்று தெரிந்திருந்தது: நான் ஒரு வாகனத்தை அழைக்கிறேன். வீட்டுத் தொலைபேசியை அழைத்தவருக்கும் எடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பது தெரியும். கைப்பேசி வந்த பிறகுதான் அந்த அறிவு நம்மிடமிருந்து போயிற்று. நாம் இடத்தை அழைப்பதில்லை, ஆளை அழைக்கிறோம். அதனால்தான் "நலமா?" என்று தொடங்கிய பேச்சு, "எங்கே இருக்கிறீர்கள்?" என்று தொடங்கலாயிற்று. அந்தக் கேள்விக்கு "சாலையில்" என்று விடை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? "சரி, ஒரு நிமிடந்தான்" என்று தொடர்கிறோம்!

சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் காலையில் காய்ச்சல் கண்டது. தந்தையை அழைத்தேன். எடுத்தார். மோட்டாரில் வந்துகொண்டிருந்தார். கைப்பேசியைத் தலைக்கவசத்துக்குள் கன்னத்தோடு செருகிக்கொண்டு பேசுவது அவர் வழக்கம். காற்றின் இரைச்சல் எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்டும் நான் நிறுத்தவில்லை. காலையில் ஏதாவது சாப்பிட்டாளா, முன்பு கொடுத்த மருந்து வீட்டில் இருக்கிறதா, தாயார் வருவாரா, நீங்கள் வருவீர்களா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவரும் மரியாதையாக ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். பின்பு ஒரு நீண்ட ஒலிப்பான் ஓசை. அதன்பின் ஒன்றுமில்லை.

நான்கு முறை மீண்டும் அழைத்தேன். எடுக்கவில்லை. இருபது நிமிடம் கழித்துப் பள்ளி வாயிலில் வந்து நின்றார். முழங்கை முழுவதும் தோல் உரிந்திருந்தது. சட்டைக் கை கிழிந்திருந்தது. சந்திப்பில் திரும்பிய சுமையுந்தைக் கடைசி நேரத்தில் கண்டு, சாலையோரப் புல்லில் விழுந்திருக்கிறார். அந்தப் பக்கம் கால்வாய் இல்லாமல் புல் இருந்தது. மகள் தந்தையின் கையைப் பார்த்துத் தன் காய்ச்சலை மறந்து அழுதாள். அவர் என்மேல் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. "பேசிக்கிட்டிருக்கும்போதே கட்டாயிடுச்சு, மன்னிச்சிருங்க சார்" என்றார். மன்னிப்பு யார் யாரிடம் கேட்பது! காவலர் வந்திருந்தால் அவருக்குத்தான் சம்மன் எழுதியிருப்பார். மறுமுனையில் பேச்சை இழுத்துக்கொண்டிருந்த எனக்கு எந்த விதியும் இல்லை.

2018 ஏப்ரல் 26ஆம் நாள், உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் ஆளில்லா இரயில் கடவையில் பள்ளி வண்டியொன்று இரயிலில் மோதுண்டு 13 குழந்தைகள் மாண்டனர். ஓட்டுநர் காதில் செவிப்பொறி மாட்டியிருந்தார் என்று மாநில முதலமைச்சரே அன்று கூறினார். அதன் பின்னர் இந்திய இரயில்வே, அகல இரயில் பாதைகளிலிருந்த ஆளில்லாக் கடவைகளையெல்லாம் 2019 சனவரிக்குள் அகற்றிவிட்டது. கடவைகளை அகற்ற முடிந்தது. செவிப்பொறிகளை யார் அகற்றுவது? நம் ஊரில் பள்ளி வேன் ஓட்டுநர்களுக்குப் பகல் பன்னிரண்டரை மணிக்குமேல் அழைப்புகள் எத்தனை போகின்றன என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். "என் மகன் ஏறிவிட்டானா அண்ணே?" என்று கேட்பவர்கள் நாம்தாம்.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 7,152 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நம் பள்ளிப் பெற்றோர் பலர் எதில் வருகிறார்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

புல்லில் விழுந்த அந்நிகழ்வுக்குப் பின் நான் இரண்டு வழக்கங்களை மாற்றிக்கொண்டேன். வகுப்புப் புலனக் குழுவில் பகல் பன்னிரண்டு மணி முதல் இரண்டு மணி வரை எதையும் அனுப்புவதில்லை. மறுநாள் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல் இரவு எட்டு மணிக்குத்தான் போகும். தொடக்கத்தில் சக ஆசிரியர் சிலர் சிரித்தனர். மற்றொன்று, எவரை அழைத்தாலும் என் முதற்சொல் "வண்டி ஓட்டுகிறீர்களா?" என்பதே. ஆம் என்றால் நானே வைத்துவிடுவேன். சிலர் இதனை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டதும் உண்டு.

பெற்றோர் சந்திப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து, இயர்போன் பற்றிக் கேட்ட அந்தத் தந்தையாரை ஒரு வேலையாக அழைக்க நேர்ந்தது. வழக்கம்போல் கேட்டேன். "ஆமா சார், ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். வைத்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து அவரே அழைத்தார். எண்ணெய் நிலையத்தில் நிறுத்திவிட்டுப் பேசுகிறேன் என்றார். மகனுடைய கணிதப் புள்ளியைப் பற்றி அதன்பின் நெடுநேரம் பேசினோம்.